முதலீட்டாளரைத் தேடுவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லெனேசியாவில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலமே. உன் மகள் தன் தோழியோடு சேர்ந்து தொடங்கியிருக்கும் நிறுவனத்தைப் பற்றி நீ விரிவாக எழுதியது நல்லதாயிற்று. மருந்தகங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று கண்காணித்து, மின்வெட்டின்போது அளவு மீறினால் உடனே கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியின் தேவையைத் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதலீட்டாளர் ஒருவரைத் தேடித் தரும்படி நீ கேட்டிருக்கிறாய். அதற்கு முன்பாக வாங்குபவர் ஒருவரைத் தேட வேண்டும் என்பதே என் எண்ணம்.

இங்கே புதிய நிறுவனங்களில் பங்கு வாங்கிப் பணம் போடும் துணிகர முதலீடு என்பது பெயருக்கு இருக்கிறதே தவிர, தொடக்க நிலையில் உள்ளவர்களை எட்டுவது அரிது. நாஸ்பர்ஸ் நிறுவனம் 2018இல் 1.4 பில்லியன் ராண்டு ஒதுக்கி அறிவித்த 'நாஸ்பர்ஸ் ஃபவுண்ட்ரி' என்ற முதலீட்டு அமைப்பு 2023இல் மூடப்பட்டது. வருமான வரிச் சட்டத்தின் 12ஜே பிரிவை நீ மறந்திருக்க மாட்டாய். துணிகர முதலீட்டு நிறுவனங்களில் முதலீடு செய்த தொகை முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 2009 முதல் இடமளித்த அந்தச் சலுகை, 2021 ஜூன் 30ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. பணத்தின் பெரும்பகுதி ஆபத்துக் குறைந்த முயற்சிகளுக்கே போய்ச் சேர்ந்தது என்று நிதித்துறையே கூறியது. வரிச்சலுகை கொடுத்தும் துணியாத பணம், விற்பனையே தொடங்காத இரண்டு பெண்களின் நிறுவனத்தைத் தேடி வரும் என்று நான் நம்பவில்லை.

மாறாக, பெரிய நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது. அதைச் செலவிட வேண்டிய தேவையும் அவற்றுக்கு இருக்கிறது. கறுப்பினத்தவருக்குப் பொருளாதார வலுவூட்டும் சட்டமான பி.இ.இ.யின் பொது விதிகளின்படி, ஆண்டுக்கு 50 மில்லியன் ராண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம் முழு மதிப்பெண் பெற வேண்டுமானால், வரி போக மீதமுள்ள லாபத்தில் 2 விழுக்காட்டைத் தனக்குப் பொருள் வழங்கும் சிறு நிறுவனங்களின் வளர்ச்சிக்கும், 1 விழுக்காட்டைப் பிற சிறு நிறுவனங்களின் வளர்ச்சிக்கும் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற வரையறைக்குள் இந்திய வம்சாவளிக் குடிமக்களாகிய நாமும் அடங்குகிறோம். இரு பெண்களும் இங்கேயே பிறந்தவர்கள்; பங்கு முழுவதும் அவர்களுடையது; விற்றுமுதல் 10 மில்லியன் ராண்டை எட்டாதவரை சான்றிதழுக்காக யாருக்கும் கட்டணம் செலுத்தாமல் ஒரு பிரமாணப் பத்திரத்தின் மூலமே பி.இ.இ.யின் மிக உயர்ந்த தகுதியான முதல் நிலையைக் காட்டிவிடலாம். எனவே மருந்தகச் சங்கிலி ஒன்றின் கொள்முதல் அதிகாரியைச் சந்திக்கும்போது, நன்கொடை கேட்காமல், சில கடைகளில் கருவியைப் பொருத்திப் பார்க்க ஒப்பந்தம் கேட்கட்டும். விலைப்பட்டியல் கொடுத்த 15 நாள்களுக்குள் பணம் கிடைக்கும்படி கேட்கவும் தயங்க வேண்டாம். சிறு நிறுவனங்களுக்கு விரைவாகப் பணம் செலுத்துவதும் அந்த மதிப்பெண்ணில் சேரும் என்பதைப் பல கொள்முதல் அதிகாரிகளே மறந்துவிடுகிறார்கள்.

கருவியைச் செய்து முடிக்கும் செலவுக்கு வேறு வழி இருக்கிறது. தொழில்நுட்பப் புத்தாக்க முகமையான டி.ஐ.ஏ., பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப நிலையங்களை நடத்துகிறது. மின்னணுவியலுக்கான நிலையம் உங்களுக்கு அருகே ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. நெகிழிக் கூட்டை வடிவமைக்க இங்கே டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே ஒன்று இருக்கிறது. தனியாரிடம் கொடுத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய உதவி. கையில் ஒரு ராண்டு கூட வராவிட்டாலும் இதையும் நிதியாகவே நான் கணக்கிடுவேன். கருவி கம்பியில்லாத் தொடர்பைப் பயன்படுத்துவதால் விற்பனைக்கு முன் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவின் ஒப்புதல் வேண்டும். அதற்குக் காலமும் பணமும் பிடிக்கும் என்பதால் இப்போதே திட்டத்தில் சேர்த்துவிடச் சொல்.

அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, சிறு தொழில்களுக்கு ஆலோசனை தரும் செடா, கடன் தரும் செஃபா என்று நாம் தனித்தனியாக அலைந்த காலம் போயிற்று. கூட்டுறவு வங்கிகளுக்கான முகமையோடு சேர்த்து அவற்றை 2024 அக்டோபரில் செட்ஃபா என்ற ஒரே முகமையாக்கிவிட்டார்கள். ஆலோசனைக்கும் கடனுக்கும் இனி ஒரே கதவு. கதவு விரைவாகத் திறக்குமா என்பது வேறு விஷயம்! 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளைஞர் மேம்பாட்டு முகமையின் மானியமும் உண்டு.

வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவின் கீழ் ஆராய்ச்சிச் செலவில் 150 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளலாம் என்று உன் மருமகன் சொன்னதாக எழுதியிருந்தாய். சொன்னது சரிதான், அந்தச் சலுகை 2033 இறுதிவரை நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால் லாபமே ஈட்டாத நிறுவனத்துக்கு இதனால் இன்று பணம் கிடைக்காது. நட்டக் கணக்கு பெரிதாகிப் பின்னொரு நாள் பயன்படும், அவ்வளவுதான். அதற்கும் அறிவியல் துறையின் முன் அனுமதி தேவை என்பதால், முதல் ஆண்டில் இதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன்.

பயிற்சித் திட்டங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு மாறி, ஒவ்வொரு மேடையிலும் தங்கள் எண்ணத்தை அழகாக எடுத்துரைத்து, விற்பனை என்ற ஒன்றைத் தொடாமலே ஆண்டுகளைக் கழிக்கும் திறமையான பிள்ளைகளை இந்த ஊரில் நான் பார்க்கிறேன். நல்ல திட்டங்கள் இல்லை என்று சொல்லவில்லை. அங்கிருந்து எந்த வாடிக்கையாளரிடம் அழைத்துச் செல்வார்கள் என்பதை மட்டும் சேருவதற்கு முன் கேட்கச் சொல்.

நீயும் உன் தம்பியும் பணம் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதைப் பங்காக எழுதாமல் நிறுவனத்துக்குக் கொடுத்த கடனாகவே எழுதுங்கள்; விற்பனை தொடங்கிய பிறகு திருப்பித் தரும் நாளும் குறிக்கப்பட்டிருக்கட்டும். உறவினர்களின் பெயர்கள் பங்குதாரர் பட்டியலில் நீண்டுகொண்டே போனால், பின்னாளில் உண்மையான முதலீட்டாளர் வரும்போது ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கும் வேலையே பெரிதாகிவிடும்.

நிறுவனங்களைப் பதிவு செய்யும் சி.ஐ.பி.சி. ஆணையத்தின் பதிவுச் சான்றிதழின் நகலையும் பங்கு விவரத்தையும் உன் மகளிடம் கேட்டு அனுப்பிவை. பிரமாணப் பத்திரத்தின் வரைவை நான் தயாரித்து அனுப்புகிறேன். உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திடுவது மட்டும் அவர்கள் வேலை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்