யோகா தொடங்குவோருக்குத் தனி வகுப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்த பிறகு, 'கொஞ்சம் யோகா செய்து பாருங்களேன்' என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகப் பாயை விரிக்க முன்வருவோர் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிச் செல்லும் பூங்கா வகுப்புகளிலும் தெருமுனைப் பயிற்சி மையங்களிலும் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பல ஆண்டுகளாகப் பழகியவர்களின் வரிசையிலேயே புதியவரையும் நிறுத்தி, முதல் நாளே சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளையும் எண்ணிக்கைக்கு ஏற்ப வேகமாகச் செய்யச் சொல்வதுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவர் மறுவாரம் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. தமக்கு யோகா ஒத்துவராது என்று முடிவும் கட்டிவிடுகிறார்.

ஆசனம் என்பது நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே யோக சூத்திரத்தில் பதஞ்சலி வகுத்த இலக்கணம். 1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குத் துள்ளலும் வேகமும் நிறைந்த ஆசனங்களைக் கற்பித்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரே, பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, நோயாளிகளுக்கும் குடும்பஸ்தர்களுக்கும் அவரவர் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றைப் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரமும் அந்த முறையைத்தான் பின்பற்றியது. கிருஷ்ணமாச்சாரியாரின் மற்றொரு மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார், உடல் வளையாதவர்களுக்காக நாற்காலி, சுவர், மரக்கட்டை, வார், மடித்த கம்பளி எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். தமிழகத்துக்கு இவ்வளவு நெருக்கமான இந்த மரபு நம் பூங்கா வகுப்புகளை மட்டும் எட்டாமல் போனது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

முதல் சில வாரங்களுக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. நேராக நின்று, மூச்சை உள்ளிழுத்தபடி இரு கைகளையும் மெல்ல மேலே உயர்த்தி, மூச்சை விட்டபடி கீழே இறக்கினாலே போதும்; ஆனால், கை அசைவதற்குச் சற்று முன்பே மூச்சு தொடங்கிவிட வேண்டும், கை நின்ற பிறகே மூச்சு முடிய வேண்டும். மூச்சு திணறினாலோ குறுகினாலோ, அன்றைய எல்லை அதுதான் என்று அறிந்து நிறுத்திக்கொள்ளலாம். முன்னால் குனியும்போது தரையைத் தொட்டே தீர வேண்டும் என்பதில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, எதிரில் உள்ள நாற்காலியின் இருக்கையில் உள்ளங்கைகளை ஊன்றினால் முதுகு தானாக நீளும். சாப்பாட்டு மேசையும் சோபாவும் வந்த பிறகு சம்மணமிட்டு உட்காரும் பழக்கமே பலருக்கு விட்டுப்போயிற்று. அவர்கள் போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் அமர்ந்தால், மேலே தூக்கி நிற்கும் முழங்கால்கள் சிறிது தாழும், முதுகும் கூனாது. நேரமில்லை என்று பல வகுப்புகளில் முதலில் வெட்டப்படுவது, மல்லாந்து படுத்து உடலைத் தளர்த்தும் சவாசனம்; தொடங்குவோருக்கு அதைவிட அவசியமானது வேறில்லை என்பேன்.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கண் அழுத்த நோயான கிளாக்கோமா உள்ளவர் அந்த ஆசனத்தின் பக்கமே போகக் கூடாது. உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி ஏற்றதன்று. முதுகில் டிஸ்க் விலகியவர்கள் முன்னால் ஆழமாகக் குனிவது வலியைக் கூட்டும். இவற்றையெல்லாம் சேர்க்கையின்போதே கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பக்கப் படிவம் போதும். கட்டண விவரத்தைக் கேட்பதற்கு முன் உடல்நல விவரத்தைக் கேட்கும் மையங்கள் மிகச் சிலவே.

சர்வதேச யோகா தினத்துக்கென ஆயுஷ் அமைச்சகம் வகுத்துள்ள பொதுப் பயிற்சி நெறிமுறையும் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைத் தளர்த்தும் எளிய அசைவுகளில்தான் தொடங்குகிறது. அதில் சிரசாசனம் இல்லவே இல்லை. இருந்தும், ஜூன் 21ஐ ஒட்டித் தங்கள் நாளிதழ் உட்படப் பல நாளிதழ்களில் தலைகீழாக நிற்கும் மாணவர்களின் படங்களே இடம்பிடிக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பாராட்டத்தக்கதுதான்; ஆனால், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்க முயலும் ஒரு நடுத்தர வயதுக்காரரின் படத்துக்கும் தாங்கள் இடமளிக்கலாம்.

மாநகராட்சிகளும் ஊராட்சிகளும் நடத்தும் இலவச வகுப்புகளில் தொடங்குவோருக்கென்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்குத் தகுதியுள்ளோருக்குப் பஞ்சமில்லை. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பை ஐந்தரை ஆண்டுகள் பயின்ற மருத்துவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களில் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து புதியவர்களைப் பார்வையிட்டாலே பெரும்பாலான தவறுகள் தவிர்க்கப்படும். கூடவே பத்து நாற்காலிகள் வேண்டும், பின்னுக்கு மடங்காத சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிகளே போதும்.

வகுப்பு நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணி என்பது அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு வாய்க்காத நேரம். மதிய உணவுக்குப் பின் மூன்று, நான்கு மணி நேரம் கழித்து, மாலை ஐந்து மணிக்கு ஒரு வகுப்பை வைத்தால், இதுவரை பூங்கா வாசலோடு நின்றுவிட்ட பலர் உள்ளே வருவார்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தல்லாகுளம், மதுரை.