வார்த்தைக்கு மூன்று சென்ட்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெயில் நேற்று ராத்திரி வந்தது. "அக்கா, அமெரிக்காவில் ஒரு சின்ன கேம் கம்பெனி. 10,000 வார்த்தையில் ஒரு சாகசக் கதை கேட்கிறார்கள். வார்த்தைக்கு 3 சென்ட். ஒத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. ஹாஸ்டல் அறையில் நாலு பேரை உட்காரவைத்து விடிய விடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்திய பையனை அந்தத் துறையே தேடி வந்திருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் இந்த 'டேபிள்டாப் கேம்' ஆடுகிறவர்களுக்கான கதையைத்தான் உன்னிடம் கேட்கிறார்கள். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 10,000 வார்த்தைக்கு 300 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 25,500 ரூபாய். இந்தத் தொகைதான் உன் கண்ணில் பட்டிருக்கும். முதல் தடவை என் கண்ணிலும் அதுதான் பட்டது.

இப்போது மணிக்கணக்கைப் பார். விதிப் புத்தகத்தை எழுதும் அளவுக்குப் படிக்கவே பதினைந்து மணி நேரம் போகும். கதைச் சுருக்கம் எழுதி எடிட்டரிடம் ஒப்புதல் வாங்க ஐந்து. எழுத இருபத்தைந்து. பூதங்களுக்கும் எதிரிகளுக்கும் எண்கள் போட்டு, விதிகளோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்க்கப் பத்து. அந்த எண் கட்டம் பக்கத்தில் நூறு வார்த்தைதான் இருக்கும்; அந்த வேலைக்கு மூன்று டாலர். ஆனால் அதில் ஒரு எண் தப்பானால் விளையாடுகிறவர்களின் மாலையே வீணாகிவிடும். அப்புறம் திருத்தம், இன்னொரு திருத்தம். எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் அறுபது மணி நேரம் ஆகும். மணிக்கு 5 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர்.

"மணிக்கு 425 ரூபாய் நம்மூருக்குப் பரவாயில்லையே அக்கா" என்பாய். சரி, மாதம் முழுக்க, வருடம் முழுக்க அப்படி வந்தால் பரவாயில்லைதான். வருடத்துக்கு மூன்று வேலை வந்தாலே அதிர்ஷ்டம் என்று சொல்கிற துறை இது. நடுவில் பணம் மாற்றும் கட்டணம் போகும். உடம்பு சரியில்லாத வாரத்துக்குக் காசு கிடையாது, பி.எஃப். கிடையாது. அந்தப் புத்தகம் அங்கே டாலரில்தான் விற்கிறது. நீ சென்னையில் எழுதினாய் என்பதற்காக ஒரு சென்ட்கூட விலை குறையாது. நீ 3 சென்ட்டுக்கு எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை ஓஹாயோவில் இருக்கும் எழுத்தாளர் 6 சென்ட் கேட்கும்போது உன் பெயரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அவரும் நம் ஆள்தான் தம்பி, அதை மறக்காதே.

1930-களில் அங்கே மலிவுக் காகிதத்தில் அச்சான கதைப் பத்திரிகைகள் பல வார்த்தைக்கு 1 சென்ட் கொடுத்தன. விலைவாசியை வைத்துப் பார்த்தால் 1930-இன் 1 சென்ட் இன்று ஏறக்குறைய 19 சென்ட்டுக்குச் சமம். டேபிள்டாப் கேம்களில் இன்றும் 3, 4, 5 சென்ட் சகஜம். 10 சென்ட் என்றால் நல்ல விலை. கதை எழுதுகிறவர்களுக்கு அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறை விலை என்று ஒரு குறைந்தபட்ச அளவு வைத்தது. 2014-இல் அதை 6 சென்ட் ஆக்கினார்கள், 2019-இல் 8 சென்ட். அந்த 8 சென்ட்டைக் கொடுத்த பிறகும் கதையின் உரிமை எழுதியவனிடமே இருக்கும். மறுபடி விற்கலாம், தொகுப்பாகப் போடலாம். கேம் வேலை பெரும்பாலும் 'வொர்க் ஃபார் ஹயர்'. உரிமை முழுக்க அவர்களுடையது. நீ உண்டாக்கிய பாத்திரம் நாளைக்கு வீடியோ கேமில் வந்தாலும் உனக்கு ஒன்றும் வராது. குறைந்த விலைக்கு அதிகமாகக் கொடுக்கிறோம் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

சின்னப் பதிப்பாளர்களின் பாடும் கஷ்டம்தான். விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போகும் புத்தகத்தில், அட்டை விலையில் நாற்பது சதவீதம் போலத்தான் அவர்கள் கைக்கு வரும். அதில் அச்சு, ஓவியம், கப்பல் செலவு எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் இதையும் பார். ஒரு லட்சம் வார்த்தையுள்ள பெரிய புத்தகத்தில் எழுத்துக் கூலியை 3 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டுக்கு உயர்த்தினால் கூடுதல் செலவு 7,000 டாலர். 2,000 பிரதி விற்றால் பிரதிக்கு மூன்றரை டாலர். ஓவியத்துக்கும் கெட்டி அட்டைக்கும் கொடுக்க முடிகிறவர்களால் இதையும் விலையில் சேர்க்க முடியும்.

விலையைவிட என்னைக் காயப்படுத்தியது வேறு. என் இரண்டாவது வேலையில் 'வெளியானதும் பணம்' என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். வாங்கப்போகிறவர்களிடமே முன்கூட்டிப் பணம் திரட்டிய திட்டம் அது. ஓவியர் தாமதம், அச்சகம் தாமதம் என்று பதினான்கு மாதம் ஓடியது. நான் எல்லாவற்றையும் முதல் மாதமே முடித்துக் கொடுத்திருந்தேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். கடைசியில் கடன் வாங்கினேன். அதனால் சொல்கிறேன்: 'வெளியானதும்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'எழுத்தை ஒப்படைத்த 30 நாளில்' என்று கேள். அது அங்கே புதிதான விஷயமில்லை. நியூயார்க் நகரத்தில் 2017 மே முதல் 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்தில் தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் 250 டாலர் வேலைக்கே அப்படி. சென்னையில் இருந்துகொண்டு நீ வழக்குப் போடப்போவதில்லை. ஆனாலும் எல்லோரும் அறிந்த ஒன்றைத்தான் கேட்கிறோம் என்ற தைரியம் வரும். திட்டம் பாதியில் நின்றால் எவ்வளவு கொடுப்பார்கள், எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், புத்தகத்தில் உன் பெயர் எங்கே வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடு.

வீடியோ கேம் பக்கம் போகும் நாளில் வார்த்தைக் கணக்கை ஒத்துக்கொள்ளவே கூடாது. காவலாளி ஒருவன் சத்தம் கேட்டுத் திரும்பும்போது சொல்வதற்கு இருபது விதமான சின்ன வசனம் கேட்பார்கள். 'பார்க்' (bark, குரைப்பு) என்பார்கள் அதை. "யாரங்கே?" என்பதை இருபது விதமாக, நூறு தடவை கேட்டாலும் எரிச்சல் வராதபடி எழுத வேண்டும். மொத்தமே அறுபது வார்த்தை, அரை நாள் வேலை. மணிக்கோ நாளுக்கோ விலை பேசு.

நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கம் இல்லையே என்று ஒருமுறை கேட்டாய். பாத்ஃபைண்டர் என்ற டேபிள்டாப் கேமை வெளியிடும் பெய்ஸோ என்ற அமெரிக்கக் கம்பெனியில் 2021 அக்டோபரில் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தில் சேர முடியாத ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் சங்கத்தை அங்கீகரிக்கும்வரை எழுத மாட்டோம் என்று பேனாவைக் கீழே வைத்தார்கள். அதே மாதத்தில் கம்பெனி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. வார்த்தைக்குச் சில சென்ட் வாங்குகிறவர்கள் அந்த வருமானத்தையும் நிறுத்திவிட்டு, தங்களுக்கு இடமில்லாத சங்கத்துக்காக நின்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, உன் விஷயம். மறுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. இப்படி எழுது: "உங்கள் அழைப்பில் மகிழ்ச்சி. என் விலை வார்த்தைக்கு 7 சென்ட். உங்கள் பட்ஜெட் 300 டாலர்தான் என்றால் அதற்குள் 4,200 வார்த்தையில் ஒரு சிறிய சாகசம் செய்து தருகிறேன்." மன்னிப்புக் கேட்காதே, காரணம் சொல்லாதே. ஒரே ஒரு முறை கேட்டதற்காக வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்ட எடிட்டரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. 'முடியாது' என்று மட்டும் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் 5 சென்ட் வரை ஏறி வந்தால், 30 நாளில் பணம் என்றால், முதல் வேலை என்பதால் எடுத்துக்கொள். அதற்குக் கீழே வேண்டாம்.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.

அன்புடன்,
அக்கா