ஆல் வீல் டிரைவ் காருக்கு எந்த வண்டியை அனுப்புகிறீர்கள்?

சாலையோர உதவி நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அந்த உதவியைத் தங்கள் பாலிசியோடு சேர்த்து விற்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம். நான் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவன். நடுவழியில் நின்றுபோன கார்களை உங்கள் ஆட்கள் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகு, அவற்றின் அடியில் படுக்கிறவர்களில் ஒருவன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆல் வீல் டிரைவ் காரை, அதாவது இயக்கும் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் காரை, இரண்டு சக்கரம் மேலே, இரண்டு சக்கரம் தரையில் என்று தூக்கி இழுக்கக் கூடாது. நான்கும் தரையை விட்டு எழ வேண்டும். இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல, பெரும்பாலான தயாரிப்பாளர்களின் கையேட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பதுதான். ஆனாலும் தவறு தொடர்ந்து நடக்கிறது. அது சாலையோரத்தில் தொடங்குவதில்லை, உங்கள் தொலைபேசி மேசையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்காகத்தான் இந்த மடல்.

உள்ளே நடப்பது இதுதான். முன் சக்கர டிரைவ் காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பின் சக்கரங்கள் எதையும் சுழற்றாமல் சும்மா உருளும். ஆல் வீல் டிரைவில் அப்படி இல்லை. பின் சக்கரம் உருண்டால் பின் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) சுழலும், அது காரின் அடியில் நீளமாக ஓடும் புரோப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டைச் சுழற்றும், அது நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலையோ முன்னையும் பின்னையும் இணைக்கும் கப்ளிங்கையோ சுழற்றும். முன் சக்கரங்களோ தூக்கி வண்டியில் (இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டி) இறுகக் கட்டப்பட்டு நிற்கின்றன. நடுவில் இருக்கும் அந்தப் பாகம், வளைவில் திரும்பும்போது முன்னுக்கும் பின்னுக்கும் வரும் சின்ன வேக வித்தியாசத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு பக்கம் அசையாமல் நிற்க, மறுபக்கம் நெடுஞ்சாலை வேகத்தில் சுழல்வதற்காக அல்ல. விஸ்கஸ் கப்ளிங் இருக்கும் கார்களில் உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் சூடேறி விரிந்து, தகடுகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். பல தகடு கிளட்ச் வைத்தவற்றில் தகடு கருகும். இறுகிவிட்டாலோ பின்சக்கரங்களின் சுழற்சி முன்சக்கரங்களுக்குப் போய், தூக்கியிலிருந்தே கார் ஏறி வெளியே பாயப் பார்க்கும். சுபாரு தன் கையேடுகளில் இந்த அபாயத்தை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அப்போது பின்னால் வரும் வாகனங்களின் நிலையை நான் விவரிக்கத் தேவையில்லை.

"நியூட்ரலில் போட்டுத்தானே இழுத்தோம்?" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியூட்ரல் என்ஜினைத்தான் பிரிக்கிறது. முன்னச்சையும் பின்னச்சையும் அது பிரிப்பதில்லை. தவிர, பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் பம்ப்பை ஓட்டுவது என்ஜின். என்ஜின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் சுழன்றால், கியர்பாக்ஸ் எண்ணெய் ஓட்டமில்லாமல் சுழல்கிறது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே தனி நியூட்ரல் உள்ள சில ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வகைகளை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இழுவை வண்டி ஓட்டுநர் எல்லா நான்கு சக்கர டிரைவுக்கும் அதே வைத்தியம் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நள்ளிரவில், மழையில், கையிலிருக்கும் ஒரே வண்டியோடு அனுப்பப்பட்டவர் அவர்.

அனுப்பியவர்கள் நீங்கள். அழைப்பு வந்ததும் உங்கள் மேசையில் கேட்பது காரின் பெயர், இருக்குமிடம், பதிவு எண். ஒரே பெயரில் ஒரே மாடல் இரு சக்கர டிரைவிலும் வருகிறது, நான்கு சக்கர டிரைவிலும் வருகிறது. ஆல் வீல் டிரைவுக்கு நிறுவனங்கள் வைத்த பெயர்களான குவாட்ரோ, எக்ஸ்டிரைவ், ஃபோர்மேட்டிக் எழுத்துகள் பின்னால் ஒட்டியிருந்தால் நல்லது. பலர் அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள், சிலர் இல்லாத காரிலும் ஒட்டிக்கொள்கிறார்கள். உரிமையாளருக்கே தெரியாமல் இருப்பதும் சகஜம். ஆகவே பதிவு எண்ணைத் தட்டியதும் டிரைவ் வகை திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், சந்தேகம் இருக்கும்வரை அதை ஆல் வீல் டிரைவ் என்றே கொண்டு பிளாட்பெட் (முழுக் காரையும் தன் மேல் தட்டில் ஏற்றிச் செல்லும் வண்டி) அனுப்புங்கள். ஆடி குவாட்ரோ ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது 1980இல். இவ்வளவு காலம் கழித்தும் இந்த ஒரு கேள்விக்கு உங்கள் படிவத்தில் இடமில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

பிளாட்பெட் நுழைய முடியாத இடங்கள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அடித்தள வாகன நிறுத்துமிடம் அதில் முதன்மையானது. கூரை தாழ்வு, வளைவு குறுகல். அங்கே தூக்கி வண்டிதான் போகும். போகட்டும், ஆனால் டாலியோடு போகட்டும். தரையில் விடப்படும் இரு சக்கரங்களுக்கும் அடியில் சிறு சக்கரம் பூட்டிய அந்தச் சட்டத்தை வைத்தால் நான்கு டயரும் சுழலாமல் நிற்கும். மேலே வந்ததும் பிளாட்பெட்டுக்கு மாற்றிவிடலாம். டாலியைப் பூட்டக் கூடுதலாகச் சில நிமிடம் ஆகும். வேலைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பணம் தரும் முறையில் அந்த நிமிடங்களுக்கு ஊதியம் கிடையாது. டாலி வண்டியிலேயே தூசு படிந்து கிடப்பதன் காரணம் அதுதான்.

ஏற்றும்போது நடக்கும் சேதமும் குறைவில்லை. பல கார்களின் டிக்கியில், ஸ்டெப்னி கருவிகளோடு ஒரு இழுவைக் கொக்கி இருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைத் திறந்து அதைத் திருகினால், காரை இழுத்தேற்றும் வின்ச்சை அதில் மாட்டலாம். சில கார்களில் மரை இடப்பக்கமாகச் சுற்றும். திருகவில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சஸ்பென்ஷன் கையிலோ ஸ்டியரிங் ராடிலோ கொக்கி போடுகிறார்கள். கார் ஏறிவிடும், அலைன்மென்ட் போய்விடும். மேலே ஏறியபின் பெல்ட்டை டயரைச் சுற்றிக் கட்ட வேண்டும். பேட்டரி செத்துப்போய் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் விடாத காரைத் தரதரவென்று இழுக்காமல், சக்கரத்தடியில் வழுக்குத் தகடு வையுங்கள்.

மின்சாரக் கார்களும், பின்னச்சுக்குத் தனி மோட்டார் வைத்த ஹைபிரிட்களும் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். புரோப்பல்லர் ஷாஃப்ட்டே இல்லையே, இழுத்தால் என்ன என்று தோன்றும். நிலைக்காந்த மோட்டார் என்றால், காரை அணைத்திருந்தாலும் சக்கரம் சுழலும்போது அது ஜெனரேட்டராகி மின்சாரம் உற்பத்தி செய்யும். சூடு, பழுது, தீ வரை போகலாம்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சேதம் அன்றைக்கே தெரியாது. முதலில் பழுதான பேட்டரியையோ பம்ப்பையோ மாற்றி காரை ஓட்டிப்போவார்கள். பிறகொரு நாள் திருப்பத்தில் கார் உதறும், அடியிலிருந்து முனகல் வரும். அப்போது நீங்கள் "தேய்மானம்" என்று எழுதிக் கோப்பை மூடுகிறீர்கள். நடு டிஃபரன்ஷியலும் கப்ளிங்கும் மலிவான பாகங்கள் அல்ல. பிளாட்பெட்டுக்கும் தூக்கி வண்டிக்கும் உள்ள கட்டண வித்தியாசம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் மிச்சம் உங்கள் கணக்கிலும், செலவு உரிமையாளர் கணக்கிலும் ஏறுகிறது.

ஆகவே நான் கேட்பவை: அழைப்புப் படிவத்தில் டிரைவ் வகைக்குக் கட்டாயமான ஒரு கட்டம். தூக்கி வண்டி அனுப்பினால் டாலியைப் பயன்படுத்த ஓட்டுநருக்குத் தனிப் படி. ஏற்றிக் கட்டியபின் நான்கு சக்கரமும் தெரிய எடுத்த புகைப்படம், உரிமையாளருக்கும் ஒரு நகலோடு. தவறான வண்டி வந்தால் ஏற்ற மறுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்றும், மறுத்தால் அது அவர் பயன்படுத்திய ஒரு சேவையாகக் கணக்கில் வராது என்றும் பாலிசியில் எழுத்தில் ஒரு வரி. இவற்றில் எதைச் செய்ய முடியாது, ஏன் என்பதை உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்