கரிசல் மண் பெண்டோனைட் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலை வெட்டி, துளை போடும்போது சுவர் சரியாமல் காக்க ஊற்றும் துளைச் சேற்றுக்கு, நீரில் உப்பும் களிமண்ணான பெண்டோனைட்டாக விற்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் என்பதால் வந்த ஆசை. கரிசலில் அந்த வகைக் களிமண் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் கால்சியம் ஏறியது. துளைச் சேற்றுக்கு வேண்டியதோ குஜராத்தின் கட்ச் பகுதியில் கிடைப்பது போன்ற சோடியம் வகை.

மேல்மண்ணை ஓரடி ஒதுக்கி, சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) தட்டும் வரை அரை மீட்டருக்கு ஒரு மாதிரி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்த அடுக்கு உருப்படி என்றே தெரியாது.

முதலில் உப்பல் சோதனை. 100 மி.லி. அளவுக்குடுவை நீரில் 2 கிராம் உலர்ந்த மாவை, சிட்டிகைக்கு 0.1 கிராமாக, பத்து நிமிட இடைவெளியில் தூவ வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும் வேலை. பொறுமையில்லாமல் மொத்தமாகக் கொட்டினால் வெளியே நனைந்து உள்ளே வறண்ட கட்டிகளாகி, அளவு பொய்க்கும். மறுநாள் உப்பிய களிமண் 24 மி.லி.க்கு மேல் நின்றால் நல்லது.

அதோடு முடிந்ததென்று நினைப்பதுதான் தப்பு. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) முறைப்படி 350 மி.லி. நீரில் 22.5 கிராம் கலக்கி, 20 நிமிடம் சுழற்றி, 16 மணி நேரம் ஊறவிட்டுப் பார்க்க வேண்டும். சேற்றின் குழகுழப்பை அளக்கும் விஸ்கோமீட்டரின் முள், நிமிடத்துக்கு 600 சுற்றில் 30-க்குக் குறையக் கூடாது. 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அரை மணியில் வடியும் நீர் 15 மி.லி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துளைச்சுவரில் படலம் ஊத்தப்பம் போல் தடித்து, குழாய் ஒட்டிச் சிக்கும். 75 மைக்ரான் சல்லடையில் கழுவித் தங்குவது 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மணல் மிஞ்சினால் பம்ப் பிஸ்டன் தேயும். சுக்காங்கல் அரைபட்டு மாவாகிவிட்டால் சல்லடை காட்டாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.

ஈரக் களிமண்ணோடு 2 முதல் 4 சதவீதம் சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) பிசைந்து சில நாள் வைத்தால் கால்சியம் வகை ஓரளவு தேறும். மணலுக்கு அது மருந்தல்ல.

இன்னொன்று: திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு ரிக்குகள் நம்மூர்க் கரும்பாறையில் காற்றழுத்தத்தால்தான் துளைக்கின்றன, சேறு கேட்பவர்கள் டெல்டாவிலும் கடலோரத்திலும் பாலத் தூண் வேலையிலும் இருக்கிறார்கள். லாரி வாடகையையும் கணக்கில் சேருங்கள். ஆய்வறிக்கை வாங்குகிறவர்கள், சோடா சேர்க்காத மாதிரிக்குத் தனி முடிவு கேட்டு வாங்கிய பிறகே நிலத்துக்கு முன்பணம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மண் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
ஈரோடு