விவசாயி என்று எழுதிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் முதல் செனட்டில் தென் கரோலினா உறுப்பினராக இருந்த பியர்ஸ் பட்லரைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்தது. 'அடிப்படையில் அவர் ஒரு விவசாயி' என்று அதில் ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அப்பா விவசாயி. இரண்டு ஏக்கர் நெல். நடவு மாதத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெடித்திருக்கும். ராத்திரி அம்மா மஞ்சள் குழைத்துப் போடுவார். ஜார்ஜியாவில் ஆல்டமஹா ஆற்று முகத்துவாரத்தில் பட்லருக்கு இருந்த தீவிலும் நெல்தான் விளைந்தது. அங்கே கரை கட்டியதும், மதகு திறந்து ஆற்றுநீரை வயலுக்கு விட்டதும், களை எடுத்ததும் அடிமைகள். பட்லர் பிலடெல்பியா வீட்டில் உட்கார்ந்து மேனேஜருக்குக் கடிதம் எழுதினார். அவருக்கும் என் அப்பாவுக்கும் ஒரே பெயரா?

அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர் என்று எழுதினீர்கள், சரி. தப்பி ஓடும் அடிமையைப் பிடித்து உடையவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை 1787 ஆகஸ்டில் முன்மொழிந்தவர் அவர்தானே? உங்களுக்குத் தெரியாததில்லை. அவருடைய அடிமையாக இருந்த பென், பென்சில்வேனியாவின் 1780ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிலடெல்பியாவில் விடுதலை பெற்றார். வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவந்த அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினருக்கு இருந்த விலக்கும் பட்லரின் பதவியோடு போய்விட்டது. பட்லர் வழக்குப் போட்டு 1806இல் தோற்றார். பென்னின் பெயருக்குக் கட்டுரையில் இடமில்லை.

அப்புறம் அந்தக் கடைசி வரி: 'பேரன் காலத்தில் குடும்பச் சொத்து கைமாறியது.' 1859 மார்ச்சில் கடனை அடைக்க அந்தப் பேரன் விற்றது நானூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை. ஜார்ஜியாவின் சவானா நகர் அருகே குதிரைப் பந்தயத் திடலில், இரண்டே நாளில். ஏலத்துக்கு முன் அவர்களை அடைத்து வைத்தது குதிரைக் கொட்டிலில். கைக்குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சொத்து என்று எழுத எப்படி ஐயா கை வந்தது?

போன வருஷம் பருத்தித் தொடரிலும் அடிமைகளைப் 'பண்ணையாட்கள்' என்று போட்டீர்கள். வருத்தப்பட்டு எழுதினேன். கடிதம் வெளியானது, அந்தப் பகுதி மட்டும் வெட்டப்பட்டு. இருபத்தாறு வருஷச் சந்தாதாரனுக்கு அது வலித்தது.

அடுத்த இதழில் ஒரு மூலையில் 'விவசாயி அல்ல, அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளி' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் இந்தத் தடவை முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மன்னார்குடி