சிங்கம் செய்தவரைச் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய ஐரோப்பிய வெள்ளிச் சாமான்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு குடும்பத்தில் பத்திரமாக வைத்திருக்கும் பால் ஜாடியின் அடிப்பாகத்தைப் படம் பிடித்துப் போட்டு, அதன் கீழே ‘சிங்கமும் நங்கூரமும் பொறித்த புகழ்பெற்ற ஆங்கில நிறுவனத்தின் தயாரிப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு நிறுவனம் கிடையாது. நடக்கிற சிங்கம் தரத்தைச் சொல்வது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். 1544 முதல் இங்கிலாந்தில் அது புழக்கத்தில் இருக்கிறது. நங்கூரம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் அடையாளம். பக்கத்தில் இருந்த தனி எழுத்து, எந்த ஆண்டு சோதித்தார்கள் என்பதற்கு. வலப்பக்கம் பார்க்கிற ராஜா தலை, வரி கட்டியாயிற்று என்பதற்கு. நான்கும் சேர்ந்தும் ஜாடியைச் செய்தது யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லும் ஐந்தாவது முத்திரையின் ஓரம் மட்டும் படத்தின் இடது விளிம்பில் தெரிகிறது. மீதியைப் பக்கம் வடிவமைத்தவர் வெட்டிவிட்டார்.

நான் பர்மிங்ஹாமில் நகைத் தொழில் பேட்டையில் பழைய வெள்ளிச் சாமான்களைப் பழுது பார்க்கிறவன். தாத்தா கும்பகோணத்தில் பத்தர். இங்கே என் மேஜைக்கு வருவதெல்லாம் கைப்பிடி உடைந்த தேநீர்க் கெண்டி, நசுங்கிய உப்புக் கிண்ணம், தேய்ந்த கரண்டி. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பி முத்திரையைத்தான் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செய்தவர் தன் முத்திரையைக் குத்த வேண்டும் என்ற சட்டம் 1363இல் வந்தது. ஆரம்பத்தில் மீன், சாவி, பூ மாதிரியான சின்னங்கள்தான். எழுத்துகள் பிறகு வந்தன. இதில் பலரும் தடுமாறுவது, எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் பட்டியலில் தேடுவதில்தான். இரண்டு எழுத்து ஒரே மாதிரி அமைகிற ஆட்கள் லண்டனில் ஏராளம். எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தைப் பாருங்கள்: நீள்சதுரமா, முட்டை வடிவமா, மூலை வெட்டியதா, மேலே கிரீடமோ நட்சத்திரமோ உண்டா, எழுத்துகளுக்கு நடுவே புள்ளி இருக்கிறதா. ஒவ்வொருவரும் தன் அச்சைச் சோதனைச் சாலையின் பதிவேட்டில் குத்திக் காட்டி, பெயரும் விலாசமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் கட்டத்தின் வடிவம் அலங்காரமில்லை, அடையாளத்தில் பாதி அதுதான்.

காலத்துக்குக் காலம் விதி வேறு மாறியிருக்கிறது. 1697இல் வெள்ளியின் தரத்தை 958க்கு உயர்த்தியபோது, முத்திரையில் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள்தான் இருக்க வேண்டும் என்றார்கள். பால் டி லமேரி என்ற பெரிய கைகாரர் முதலில் பதிந்த முத்திரையில் ‘எல்ஏ’ என்று இருப்பது அதனால்தான். 1720இல் பழைய தரம் திரும்பி வந்தது. 1739இல் எல்லோரும் பழைய அச்சை ஒடித்துவிட்டு, பெயரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் கொண்ட புது அச்சைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இது தெரியாமல் ‘எல்ஏ’வை வைத்துக்கொண்டு லாரன்ஸ், லூயிஸ் என்று தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இன்னொன்று, ‘ஜே’ வர வேண்டிய இடத்தில் ‘ஐ’தான் இருக்கும். ஜான், ஜேம்ஸ், ஜோசப் எல்லோரும் ‘ஐ’தான்.

கட்டுரையில் ஹெஸ்டர் பேட்மேன் பெயர் ஒரு வரியில் வந்து போயிற்று. அந்த அம்மாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். கணவர் லண்டனில் சங்கிலி செய்கிறவர். அவர் இறந்தபிறகு, 1761இல், சாய்வாகச் சுழித்து எழுதிய ‘எச்பி’ என்ற முத்திரையைத் தன் பெயரில் பதிந்தார். 1790இல் ஓய்வு பெற்றார். அப்புறம் மகன்கள் பீட்டரும் ஜோனதனும் பதிந்த முத்திரை, மேலே ‘பிபி’, கீழே ‘ஐபி’. சில மாதங்களில் ஜோனதன் இறந்துபோனார். அதனால் அந்த முத்திரை உள்ள சாமான் அரிது. ஏலத்தில் வந்தால் கூட்டம் கூடும். 1791இல் ஜோனதனின் மனைவி ஆன் சேர்ந்து, ‘பிபி’க்குக் கீழே ‘ஏபி’ வந்தது. 1800இல் ஆனின் மகன் வில்லியம் சேர, மூன்று வரி ஆயிற்று. ஒரு குடும்பத்தில் யார் போனார், யார் வந்தார் என்பது ஒரு சர்க்கரை இடுக்கியின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றால் எனக்கு இன்றும் வியப்புதான். அதற்காக ‘எச்பி’ என்று கண்டதெல்லாம் அந்த அம்மாள் கையால் அடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். பட்டறையில் பலர் வேலை செய்தார்கள். முத்திரை, சோதனைக்கு அனுப்பிப் பொறுப்பேற்றவருடையது. இன்னொருவர் செய்ததை வாங்கித் தன் முத்திரையைக் குத்தி விற்ற கடைக்காரர்களும் உண்டு. பெயர் பெற்றவரின் முத்திரை என்பதால் போலியும் அதிகம்.

லண்டன் பதிவேடு முழுசாகக் கிடைக்கவும் இல்லை. பெரிய சாமான் செய்தவர்களின் 1758 முதல் 1773 வரையிலான ஏடு தொலைந்து போயிற்று. ஏலப் பட்டியலில் அந்தக் காலத்துச் சாமானுக்கு நேரே ‘அநேகமாக இன்னார்’ என்று போட்டிருந்தால் அது விற்பவரின் தயக்கமல்ல, நேர்மை. ‘கட்டாயம் இன்னார்தான்’ என்று அடித்துச் சொல்பவரிடம்தான் நான் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

கரண்டியைப் பற்றி ஒன்று. சுமார் 1780 வரை முத்திரைகளைக் காம்பின் கீழ்ப்பகுதியில், குழிவுக்குப் பக்கத்தில் குத்தினார்கள். அங்கே காம்பு ஒடுக்கம். குத்திய வேகத்தில் வெள்ளி இரண்டு பக்கமும் பிதுங்கும். செய்தவர் திரும்பச் சுத்தியால் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவருவார். அந்தத் தட்டலில் முத்திரை நீண்டு, கோணிக்கொண்டு போய்விடும். ஆகவே அந்தக் காலத்துக் கரண்டியில் முத்திரை கொஞ்சம் கோணலாக இருப்பதுதான் இயல்பு. அச்சடித்தாற்போல் நேராக, ஆழமாக, விளிம்பு மழுங்காமல் இருந்தால் சந்தேகப்பட்டு நான் லூப்பை (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியை) எடுத்துவிடுவேன். பிறகு முத்திரைகளைக் காம்பின் மேல் நுனிப்பக்கம் குத்தத் தொடங்கினார்கள்; அங்கே அகலம் உண்டு, படிப்பது சுலபம்.

ஏமாற்று வேலை அன்றைக்கே இருந்தது. 1720இல் அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டதும், கனமான பாத்திரத்துக்கு வரி கட்டாமல் தப்பிக்கச் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சின்னச் சாமான் ஒன்றை அனுப்பி முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து ஊதிவிடுவது. இதைப் பிடிக்கக் கருவி வேண்டாம். முத்திரையின் மேல் வாயால் ஹா என்று ஊதுங்கள். ஆவி படர்ந்து மங்கி விலகும்போது, பற்றாசு ஓடிய இடம் மட்டும் தனிக் கோடாகத் தெரியும். முத்திரைகளைச் சுற்றி வட்டமாகவோ சதுரமாகவோ கோடு வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வரி 1758இல் போயிற்று. 1784இல் மறுபடி வந்தபோதுதான் ராஜா தலை முத்திரை சேர்ந்தது, 1890 வரை இருந்தது. ஆகவே உங்கள் படத்தில் உள்ள ஜாடிக்குக் கட்டுரையாளர் தந்த 1775 என்ற ஆண்டு பொருந்தாது. தலை மட்டும் தெரிந்தாலே அந்த ஆண்டை அடித்துவிடலாம்.

மற்ற நாடுகளுக்குக் கட்டுரை ஒரே பத்திதான் கொடுத்தது, நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரான்சில் 1797 சட்டத்துக்குப் பிறகு செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். எழுத்துகளோடு ஒரு சின்னமும் உண்டு, அந்தச் சின்னம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முத்திரை நேர்ச் சதுரத்தில் இருந்தால் அது வெள்ளியே அல்ல, முலாம். 1838க்குப் பிறகு பெரிய சாமான்களில் மினெர்வா என்ற ரோமானியத் தேவியின் தலை. பக்கத்தில் 1 என்றால் 950, 2 என்றால் 800. ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், கூடவே 800 போன்ற எண். ரஷ்யச் சாமானில் 84 என்று கண்டு ‘தரம் குறைவு’ என்று தள்ளிவிடாதீர்கள். அது 96 பங்குக்கு 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875. ஜெர்மனியின் ஹனாவ் ஊர்ப் பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பழைய பிரெஞ்சு முத்திரை போலவே கற்பனையாகக் குத்தித் தள்ளின. வேலைப்பாடு அருமை, முத்திரை சும்மா.

நம் வாசகர்கள் வீட்டில் அதிகம் இருக்கக்கூடியது இதெல்லாம் இல்லை, ‘இபிஎன்எஸ்’தான். நிக்கல் கலந்த உலோகத்தில் மின்முலாம் பூசியது. பர்மிங்ஹாமின் எல்கிங்டன் 1840இல் காப்புரிமை வாங்கிய முறை. இந்த நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள், பழைய பாணி எழுத்தில் வரிசையாகக் குத்திவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சோதனைச் சாலை முத்திரை மாதிரியே இருக்கும். சிங்கம் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இந்தியாவில் இருந்த ஐரோப்பியக் கடைகளின் சங்கதி வேறு. இங்கிலாந்தில் உள்ளதுபோல் அன்றைக்கு அங்கே சோதனைச் சாலை இருக்கவில்லை. கல்கத்தாவின் ஹாமில்டன் கம்பெனி தன் எழுத்துகளோடு யானையைக் குத்தியது. சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயரையே முழுசாகக் குத்தியது. வாசகர்களிடம் அப்படி ஏதாவது இருந்தால், சிங்கம் இல்லையே என்று உருக்கப் போட்டுவிட வேண்டாம். தெய்வ உருவங்கள் பொறித்த ‘சாமி வெள்ளி’ வேலைக்கு இங்கே ஏலத்தில் நல்ல மதிப்பு. எடைக்குப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முத்திரையைப் படிக்க முடியவில்லை என்று செல்போன் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வழி. வெளிச்சம் பட்டுப் படத்தில் வெள்ளி கூசும், ஒன்றும் தெரியாது. முத்திரை மேல் மெழுகுவர்த்திப் புகையை லேசாகக் காட்டி, கரி படிந்து ஆறியதும் ஒட்டுகிற செல்லோ டேப்பை அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கட்டத்தின் மூலை, புள்ளி எல்லாம் வந்துவிடும். பாத்திரத்தை ஈரத்துணியால் துடைத்தால் கரி போய்விடும். முக்கியமாக, படம் எடுப்பதற்கு முன் பல்பொடி, சாம்பல், புளி என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். செய்தவரின் முத்திரை இப்படித் தேய்த்தே போனதுதான் அதிகம். விற்கும் முன் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று எந்தப் பட்டறை சொன்னாலும், என்னுடையது உள்பட, முத்திரை இருக்கும் பக்கத்தைத் தொட வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வெள்ளிப் பட்டறைக்காரன்,
பர்மிங்ஹாம்.