2023 ஆண்டறிக்கை: ஃப்ரெஸ்னோவில் கூடிய நம் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு அறிக்கையில் புல்லைக் காயவிடுங்கள், கார் கழுவ ஒரு வாளி போதும் என்று ஒரு பத்தி முழுக்கப் புலம்பியிருந்தேன். 2020 முதல் 2022 வரையான மூன்று ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிகவும் வறண்ட மூன்று ஆண்டுகள், அதனால் அப்போது அது சரிதான். வாசித்து மூன்று வாரம் ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் இந்த ஆண்டு நாம் போட்ட திட்டங்களில் பாதியைத் தண்ணீர்தான் மாற்றி எழுதியது.

பொங்கல் விழா நடந்தது. டிசம்பர் கடைசியில் தொடங்கி மூன்று வாரத்துக்குள் ஒன்பது வளிமண்டல ஆறுகள் (கடலிலிருந்து வானில் ஆறுபோல நீண்டு வரும் ஈரக்காற்றுப் பட்டைகள்) வந்து கொட்டியதால் வெளியில் பானை வைக்க வழியில்லை. மண்டபத் தாழ்வாரத்தில் கேஸ் அடுப்பில் பொங்கினோம். கூட்டம் குறைவு, மீந்த வடை அதிகம்.

பிள்ளைகளின் கிரிக்கெட் பயிற்சி மார்ச் வரை நின்றுபோனது. அவர்கள் ஆடும் பள்ளமான பூங்கா உண்மையில் மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவதற்காக வெட்டிய குளம் என்பது ஸ்டம்ப் நடும் இடத்தில் வாத்து நீந்தியபோதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. ஃப்ரெஸ்னோ வட்டாரத்தில் இப்படி 150க்கு மேல் இருக்கின்றன. கம்பிவேலி போட்டிருப்பதால் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர் ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, “இது நம்ம ஊர் குளம்தானப்பா, படித்துறைதான் இல்லை” என்றார். ஆண்டுக்குச் சராசரியாக 11 அங்குலமே மழை பெய்யும் ஊரில் அந்தப் பள்ளங்கள் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சித்திரைப் புத்தாண்டு வனபோஜனம் ரத்து. கிங்ஸ் நதிக்கரையில் இடம் பிடித்திருந்தோம், நதியில் யாரும் இறங்கக் கூடாது என்று ஷெரிஃப் அலுவலகம் தடை போட்டுவிட்டது. பலர் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். பனி உருகி வரும் தண்ணீர், இறங்கினால் ஒரு நிமிடத்தில் கை கால் மரத்துவிடும், நான் என்ன செய்ய? யோசமிட்டி தேசியப் பூங்காப் பயணமும் அப்படியே போனது. நாம் கிளம்ப இருந்த வார இறுதியில்தான், ஏப்ரல் 28 இரவு முதல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவித்தார்கள். ஜூனில் போய் வந்தோம். அருவிச் சத்தத்தில் தலை எண்ணுவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

மே மாதக் கூட்டத்தில் வேறு எதையும் பேசவிடாமல் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது: கிங்ஸ் நதியின் பைன் ஃபிளாட் அணை நிரம்புவதற்கு முன்பே ஏன் திறந்துவிடுகிறார்கள், மூன்று வருடம் தவித்த ஊர் அல்லவா இது? நியாயமான கேள்விதான். அந்த அணை கொள்வது 10 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி). சாதாரண ஆண்டிலேயே கிங்ஸ் நதியில் சுமார் 17 லட்சம் வரும், இந்த ஆண்டு அதைப்போல இரு மடங்குக்கும் மேல். நமக்கு மேலே இருக்கும் தெற்கு சியரா மலைத்தொடரில் ஏப்ரல் தொடக்கத்தில் கிடந்த பனி சராசரியைப் போல மூன்று மடங்கு. அந்தப் பனிதான் நமக்குப் பெரிய அணை, ஆனால் அதற்கு மதகு கிடையாது, வெயில் ஏறினால் தானே திறந்துகொள்ளும். வரப்போவதற்கு இடம் வேண்டுமே, அதனால் இருப்பதை விடுகிறார்கள். விட்ட தண்ணீரை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்குக் குறை. வெள்ளநீரை வயல்களில் பாய்ச்சி நிலத்தடிக்கு இறக்குவதை எளிதாக்க ஆளுநர் நியூசம் உத்தரவு போட்டது மார்ச் 10ஆம் தேதி, வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு. ஹெல்ம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையில் 2011லேயே திராட்சைத் தோட்டத்தில் வெள்ளத்தைக் கட்டி நிறுத்தி, கொடிகள் பிழைத்துக்கொள்ளும் என்று காட்டியிருந்தார்கள்.

ஜூலையில் விருப்பமுள்ள ஏழு குடும்பங்கள் கார்கரன் நகரத்துப் பக்கம் டுலாரி ஏரியைப் பார்க்கப் போனோம். இதை ஏரி என்பதா வெள்ளம் என்பதா என்று வண்டியிலேயே சண்டை. ஒரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே இதைவிடப் பெரிய நன்னீர் ஏரி இல்லை. யோகுட் பழங்குடியினர் அதைப் பாஷி என்கிறார்கள். கிங்ஸ், காவியா, டூலி, கெர்ன் நான்கும் வந்து சேரும் கிண்ணம் அது, கடலுக்குப் போக வழியில்லை. ஆறுகளை மடக்கி, ஏரியைக் காயவைத்துப் பருத்தியும் தக்காளியும் போட்டார்கள். 1983இலும் 1997இலும் திரும்பி வந்தது, இந்த ஆண்டு மறுபடியும், ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். தார்ச்சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போகிறது, மின்கம்பங்கள் மட்டும் வரிசையாக நடுஏரி வரை போகின்றன. மண்ணெண்ணெயும் உரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கார்கரன் தரையே இறங்கிவிட்டது, அதோடு ஊரைக் காக்கும் வெள்ளத் தடுப்புக் கரையும் இறங்கியது, 2017இல் உயர்த்தியதை இப்போது மறுபடி உயர்த்துகிறார்கள். வறட்சியில் தோண்டிய பள்ளத்தில்தான் வெள்ளம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே வட்டாரத்தில் இருக்கும் ஆலன்ஸ்வொர்த் என்ற சிற்றூர் மக்கள் மார்ச்சில் தாங்களே மண்ணை அள்ளிக் கரை கட்டினார்கள். வெள்ள நிவாரணத்துக்கு உறுப்பினர்கள் தந்த அரிசி, போர்வை, குடிநீர்ப் புட்டிகளை அந்தப் பக்கத்து முகாமில் சேர்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம்தான் முன்வைக்கிறேன்: நம் தெருக்களில் மழைநீர் வாய்க்கால் வாயில் அடைக்கும் இலைகளை நவம்பரில் இரண்டு சனிக்கிழமைகள் சேர்ந்து அள்ளுவது. அங்கே போகும் தண்ணீர்தான் அந்தக் குளங்களுக்குப் போகிறது. காபி சங்கச் செலவு.

கடைசியாக, நதிக்கரை இடத்துக்குக் கட்டிய முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. நான்கு முறை கேட்டுவிட்டேன், “இயற்கைப் பேரிடர்” என்கிறார்கள். ரசீது நீலக் கோப்பில் இருக்கிறது, புதிய செயலாளர் தயவுசெய்து விடாமல் கேட்கவும்.